கெய்னருக்கு எழுதிக் கொடுத்த வழி

கெய்னர் ஹோல்ராய்ட் ஹாலிஃபாக்ஸ் பஸ் டெப்போவில் டிரைவர். நான் பாம், அங்கே கேன்டீனில் டீ போடுகிறவள். எங்கள் பழக்கத்தில் அவள் மூன்று தடவை வீடு மாறிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவளாக விரும்பி மாறவில்லை. கடைசி வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். நீ இருக்கிறவரைக்கும் இந்த வீடு உனக்குத்தான் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செத்துப்போனார். கல்லறையில் வைத்த பூ வாடுவதற்குள் மகன் வாசலில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டான்.

அன்றைக்குத்தான் கெய்னர் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னாள். "ஐம்பத்தாறு வயசாச்சு பாம். இனிமே இன்னொருத்தர் தயவுல குடியிருக்க மாட்டேன். குருவிக்கூடா இருந்தாலும் என் பேர்ல வேணும்."

குருவிக்கூடுதான் கிடைத்தது. மேட்டுத் தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய கல்வீடுகளில் ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு அறை, பின்னால் கைக்குட்டை அளவு முற்றம். அவள் சமையலறை ஜன்னலில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டை விடமாட்டாள் என்று.

விற்றுக்கொடுக்கும் தரகர் கீரன் சின்னப் பையன், கூரான ஷூ. எனக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பத்திர வேலைக்கு எங்கள் வக்கீலையே வைத்துக்கொள்ளுங்கள், மளமளவென்று முடித்துவிடுவார்கள் என்று தேனொழுகச் சொன்னான். உனக்கு அதில் என்ன கிடைக்கும் தம்பி என்று கெய்னர் கேட்டாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

கீரன் சொன்ன இடத்துக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குரல் பேசியது. அடுத்து, ஊர் நடுவில் தோல் நாற்காலி போட்ட பெரிய ஆபீசுக்குப் போனோம். வீட்டின் விலையைக் கேட்டார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். குழுவில் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வக்கீல் மிஸஸ் தியூலிஸ். செருப்புத் தைக்கும் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ், படி ஏறினால் பசை வாசனை தூக்கும். போனை அவரே எடுத்தார். வேலையாக இருக்கிறேன், நாலு மணிக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். சொன்னபடி நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். நேரில் போனபோது விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"குப்பைத் தொட்டியை எந்த வழியா தெருவுக்குக் கொண்டு போவீங்க?" என்று கேட்டார்.

கெய்னர் விழித்தாள். முற்றத்திலிருந்து பக்கத்து வீட்டை ஒட்டிய சந்து வழியாக என்று சொன்னாள்.

"அந்தச் சந்து யாருடையது?"

தெரியாது என்றாள். கண்டுபிடிக்கிறேன், அதுவரை அதைப் பற்றி ஒருத்தரிடமும் வாய் திறக்காதீர்கள் என்றார் மிஸஸ் தியூலிஸ். பெரிய ஆபீசைவிட ஃபீஸ் கூடத்தான். படி இறங்கும்போதே கெய்னர் முடிவு செய்துவிட்டாள். "சிரிக்கவே தெரியாத பொம்பளை. இவங்கதான் எனக்கு வேணும்."

சந்து பக்கத்து வீட்டு வில்ஃப் ஆம்ளருடையது என்று பத்திரம் சொன்னது. கெய்னரின் வீட்டுக்கு அதில் நடக்க உரிமை இருப்பதாக எங்கும் எழுதவில்லை. இது எங்கள் பக்கம் நடக்கிற சங்கதிதான். அதற்கென்று ஒரு காப்பீடு உண்டு. நாளைக்கு யாராவது வழியை மறித்தால் அந்தக் கம்பெனி நஷ்டத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, சந்துக்காரரிடம் யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. தூங்குகிறவரை எழுப்பிவிட்டு அப்புறம் காப்பீடு கேட்டால் எவன் கொடுப்பான்? இதைச் சொல்லத்தான் மிஸஸ் தியூலிஸ் அவளைக் கூப்பிட்டார்.

அதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற காரியத்தைக் கெய்னர் செய்து முடித்திருந்தாள். வரப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே, வெறுங்கையோடு போகலாமா என்று இஞ்சி கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய், டீ குடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். தொட்டியை இப்படிக் கொண்டு போகலாமா என்று. தாராளமா என்றிருக்கிறார் வில்ஃப். யாரிடமும் பேசாதே என்றால் வில்ஃபிடம் பேசாதே என்றா அர்த்தம் என்று என்னிடமே வாதாடினாள். கேக் சுட ஆலோசனை சொன்னது நான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மிஸஸ் தியூலிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "காப்பீடு போச்சு. இனி அவரே உரிமையை எழுதிக் கொடுக்கணும். அது வர்ற வரைக்கும் ஒப்பந்தத்துல உங்களைக் கையெழுத்துப் போட விடமாட்டேன்."

எங்கள் ஊரில் இரண்டு பக்க வக்கீல்களும் கையெழுத்தான ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும்வரை விலை பேசியதும் கை குலுக்கியதும் வெறும் காற்று. விற்பவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கீரன் டெப்போவுக்கே வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனையும் சொன்னான்.

"அந்தப் பெரியவர்கிட்ட பேசினது யாருக்கு மேடம் தெரியும்? எங்க வக்கீலுக்கு மாறிடுங்க, அவங்க காப்பீடு வாங்கித் தந்துடுவாங்க. கேக்கையும் மறந்துடுங்க. வெள்ளிக்கிழமை சாவி உங்க கையில."

நான் கெய்னர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆசை எனக்கே அடித்துக்கொண்டது. அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என் சொந்த வீட்டுக்குள்ள முதல் காலையே பொய் மேல வைக்கச் சொல்றியா தம்பி? நாளைக்கு ஒரு தகராறுன்னு வந்தா அந்தக் காப்பீட்டுக்காரன் முதல்ல கேக்கப்போறது வில்ஃபைத்தான். வில்ஃபுக்கு அந்த கேக் நல்லா ஞாபகம் இருக்கும். நீ கிளம்பு."

அன்று சாயங்காலமே வில்ஃப் வீட்டுக்குப் போனோம். எழுதிக் கொடுங்கள் என்றதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. இங்கத்து ஆம்பளைகளிடம் போட்டிருக்கிற கோட்டைக் கேட்டால் கழற்றிக் கொடுப்பார்கள், கையெழுத்துக் கேட்டால் அவமானப்படுத்தியதாக நினைப்பார்கள்.

"நாப்பது வருஷமா அந்தச் சந்துல நான் யாரையும் தடுத்ததில்லம்மா. என் வார்த்தை போதாதா?"

"உங்க வார்த்தை எனக்குப் போதும் வில்ஃப். போன வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான். நல்ல வார்த்தை சொன்னாரு. அவரைப் புதைச்சப்ப அந்த வார்த்தையும் கூடவே போயிடுச்சு. அவர் மகன் என்னை வெளிய போன்னுட்டான். நீங்க இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல. உங்களுக்கப்புறம் யாரு வருவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

 வில்ஃப் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டார். தண்ணீர் கொதிக்கிறவரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். 

"எழுதுறதுன்னு ஆயிட்டா எனக்கும் ஒண்ணு எழுதணும்" என்றார் திரும்பாமலே. "காலைல ஏழு மணிக்கு முன்னாடி தொட்டியை உருட்டக் கூடாது. என் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம்தான் சந்து. இப்ப வீட்டை விக்கிறானே, அவன் விடியறதுக்கு முன்னாடி கடகடன்னு இழுத்துட்டுப் போவான். அவன் குடிவந்த நாள்லேர்ந்து நான் சரியாத் தூங்கினதில்ல."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள் கெய்னர்.

"எப்படிம்மா சொல்றது? அவன் எனக்குத் தினமும் குட்மார்னிங் சொல்றவனாச்சே."

மிஸஸ் தியூலிஸ் அதையும் சட்டப்படி எழுதினார். வில்ஃபுக்குத் தனி வக்கீல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அதற்கும் ஆள் காட்டினார். வெள்ளிக்கிழமை போய்விட்டது. விற்பவர்கள் தொலைபேசியில் தாம்தூம் என்று குதித்தார்களாம். வேறு யார் வாங்கினாலும் இதே சந்தில்தான் வந்து நிற்பார்கள், இப்போது அதற்கு வழி கிடைத்திருக்கிறது என்று மிஸஸ் தியூலிஸ் அவர்கள் வக்கீலிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார். குதிப்பு அடங்கியது. அடுத்த வாரம் ஒப்பந்தங்கள் கைமாறின. கெய்னர் டெப்போ கழிப்பறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாள்.

குடிபோன மறுநாள் அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் நாள். சாமான் பிரிக்க உதவலாம் என்று விடிந்ததும் போனேன். கெய்னர் இரவு உடைக்கு மேல் டிரைவர் கோட்டை மாட்டிக்கொண்டு, முற்றத்தில் தொட்டியின் பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியிருந்தது.

நகரமன்றக் கடிகாரம் ஏழு அடித்து ஓய்ந்தது. கெய்னர் தொட்டியைச் சாய்த்து, அவசரமே இல்லாமல் சந்து முழுக்கச் சத்தம் கேட்க உருட்டிக்கொண்டு போனாள். ஜன்னலில் வில்ஃப் டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். தெருவோரம் போய்ச் சேர்ந்ததும் நான் மூடியைத் திறந்து பார்த்தேன்.

"கெய்னர், இதுல ஒண்ணுமே இல்லையே."

"நேத்துதானே வந்தேன்" என்றாள். "இன்னும் குப்பையே சேரலை."