கீழே இறங்கிய பிரேக்

கணவர் இறந்த பிறகு அவருடைய கார் பல மாதம் வீட்டு வாசலில் கவர் போட்டபடி நின்றது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. அவர் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

நான் அழவில்லை. சாவுக்கு வந்த ஒரு சொந்தக்காரப் பெண், "அழுதுடும்மா, உள்ளயே வெச்சிக்கினு இருக்காத" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். உள்ளே எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்ததும் ஷிப்டுக்குப் போனேன். போன்களுக்குள் வைக்கும் போர்டுகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று லென்ஸ் வழியே பார்ப்பது என் வேலை. அதில் ஒரு தப்பும் வரவில்லை.

சேரப்பணஞ்சேரி வீட்டில் மாமியார், கொழுந்தன், நான். கொழுந்தன் கார் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் இருக்கிறான். அவன் வரும்போது நான் கிளம்புவேன். நான் வரும்போது அவன் தூங்குவான். சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் பேச்சு நின்றுபோயிருந்தது. சட்டியில் இருப்பதை அவரவர் போட்டுச் சாப்பிட்டோம்.

மாமியாருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு காலையில் கவரை எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியும். பிரேக்கை மிதித்தபோது தலையணையை மிதிப்பதுபோல இருந்தது. ரொம்ப நாள் நின்ற வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரகடம் சிக்னலில் ஒரு டிரைலர் லாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். கால் பிரேக் மேல்தான் இருந்தது. நான் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. ஆனால் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது.

"இன்னாம்மா, வண்டி தானா போவுது?" என்றார் மாமியார்.

லாரியின் பின்பக்கக் கம்பி கண்ணாடிக்கு எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பர் அதில் இடித்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மாமியார் கந்தனைக் கூப்பிட்டார், முருகனைக் கூப்பிட்டார். எனக்குப் பயம் வரவில்லை. கொஞ்சம் கழித்தாவது வரும் என்று பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

கொழுந்தனுக்குப் போன் செய்து ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ஷிப்டு முடிந்து வந்தவன் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தான். முதல் கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான்.

லீவு நாளன்று காலையில் ஜாக்கியை எடுத்தான். கம்பெனிக்குப் போவதற்கு முன் படப்பையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் அவன். சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தான். எல்லாம் காய்ந்திருந்தது. பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறையவில்லை.

"பிரேக் பைப்ல காத்து பூந்திருக்கும். எடுக்கணும். ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் தொறக்கணும்" என்றான்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். தூரத்துப் பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தான்.

"மிதி அண்ணி. இன்னொரு வாட்டி. புடிச்சிக்கோ."

நான் பிடித்துக்கொள்ள, அவன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சின்னத் திருகைத் திறப்பான். நுரையோடு பழைய ஆயில் பாட்டிலில் இறங்கும். பிரேக் தரையைத் தொடும். அவன் திருகை மூடுவான்.

"வுடு."

அவர் போன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியது அன்றுதான்.

பின்சக்கரங்கள் முடிந்து முன்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்தபோது பிரேக் நன்றாக இறுகியிருந்தது. "புடிச்சிக்கோ" என்றான். ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பானட் தூக்கியிருந்ததால் அவன் எனக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கி அண்ணன் எனக்குப் போன் பண்ணுச்சி அண்ணி."

நான் தூக்கியிருந்த பானட்டையே பார்த்தேன்.

"லைன்ல இருந்தேன். போனு லாக்கர்ல. வெளிய வந்து பாத்தா மிஸ்டு கால். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப் போச்சி. யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கும் வந்துது" என்றேன்.

கம்பெனி பஸ் ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"நானும் லாக்கர்லதான் வெச்சிருந்தேன்."

"மொதல்ல உனக்கா, எனக்கா?"

"நேரம் பாக்கல."

"பாக்க வேணாம்" என்றான் அவன்.

அவன் விடச் சொல்லாததால் என் கால் பிரேக் மேலேயே இருந்தது. மடங்கியிருந்த முழங்கால் நிமிர்ந்துகொண்டே போவதை அப்போதுதான் கவனித்தேன்.

"தொறந்துட்டியா?"

"இல்லியே. மூடித்தான் கீது."

"கீழ போவுது. மெதுவா போவுது."

அவன் சுற்றி வந்து கதவருகே மண்டியிட்டு என் காலைப் பார்த்தான். முகம் நனைந்திருந்தது. மறுபடியும் மிதித்துப் பிடிக்கச் சொன்னான். மிதித்த உடனே கல் மாதிரி நின்றது. பிறகு நகர்ந்து நகர்ந்து தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"காத்து இல்ல. வெளிய கசிவும் இல்ல. அப்ப ஆயிலத் தள்ற மாஸ்டர் சிலிண்டர் உள்ளாற ரப்பர் போயிருக்கு. நீ தள்ற ஆயில் சக்கரத்துக்குப் போவாம அங்கயே பின்னாடி திரும்பிடுது. இப்பிடி ரொம்ப நேரம் புடிச்சாதான் தெரியும். டக்குனு மிதிச்சிப் பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

அடுத்த லீவில் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கி வந்தான். பழையதைக் கழற்றி அதை மாட்டி, மறுபடியும் நான்கு சக்கரத்திலும் காற்றை எடுத்தோம். இஞ்சினை ஓடவிட்டு என்னை மிதிக்கச் சொல்லி, பிரேக்குக்கும் தரைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"நிக்கிது" என்றான்.

மாமியாரைக் கண்ணாஸ்பத்திரிக்கு நானே ஓட்டிப்போனேன். புரை என்றார்கள், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். சொட்டு மருந்தை மாமியார் கையில் கொடுத்த நர்ஸ், "வீட்டுல ஊத்திவிட யாரு இருக்காங்கம்மா?" என்று கேட்டாள்.

மாமியார் மருந்துப் பாட்டிலை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "மருமவ கீறா. சின்னவன் கீறான்" என்றார். போன மகனைச் சேர்க்காமல், இருக்கிறவர்களை மட்டும் அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மருந்தை வாங்கிப் பையில் வைத்தேன். அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி, வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தினேன்.