ஏட்டம்மா செல்வலட்சுமியின் விரல்கள்

செல்வலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. ஒரே அதட்டலில் லாரி டிரைவர்களைக் கீழே இறக்குகிறவளுக்கு, ஒரு மார்கழிக் காலையில் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட முடியவில்லை. விரல்கள் வீங்கி விறைத்து நின்றன. புருஷன் சிவபாண்டிதான் போட்டுவிட்டான். மத்தியானத்துக்குள் கை தானாக இளகிவிட்டது. தினமும் இதே கதை. அதுதான் வினையாய்ப் போனது.

காலையில் பேனா பிடிக்க முடியாதவள் சாயங்காலம் திருடனை விரட்டிப் பிடித்தால் யார் நம்புவார்கள்?

“ஏம்மா, ஒன் வலியும் டூட்டி பாத்துத்தான் வருதோ? மூட்டுவாதம்லாம் எங்கம்மா வயசுல வர்றது,” என்றார் இன்ஸ்பெக்டர். நோயைத் துப்புத் துலக்கிவிட்ட திருப்தியில் டீ வேறு சொன்னார்.

ராஜபாளையத்தில் அவள் தெருவில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அதற்குப் படித்தவர்தான் யாருமில்லை. வாயு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், உருளைக்கிழங்கு என்றார்கள். உருளைக்கிழங்கை வீட்டைவிட்டே நாடுகடத்திப் பார்த்தாள். வீக்கம் அசையவில்லை.

சிவபாண்டி எங்கிருந்தோ ஒரு பொடி வாங்கிவந்தான். “சுத்தமான பச்சிலைட்டி. ஒரு கெடுதலும் கெடையாதாம்.”

வலி மாயமாய் மறைந்தது. முகம் பூசணிக்காயாய் உப்பியது. “களை வந்துட்டு!” என்று தெரு மெச்சியது. பொடி தீர்ந்ததும் வலி இன்னும் மூர்க்கமாய்த் திரும்பி வந்தது. முழங்கால்களையும் பிடித்துக்கொண்டது.

கடைசியில் மதுரையில் மூட்டுவாத டாக்டர் ஜெபாவிடம் போனாள். பொடிக் கதையைக் கேட்டு, ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

“அந்தப் பொடில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. ஒங்களுக்கு வந்திருக்கது முடக்குவாதம். தேய்மானம் இல்ல. கிருமியோட சண்டை போடவேண்டிய எதிர்ப்புச்சக்தி, ஆள் தெரியாம ஒங்க மூட்டையே அடிக்குது. எந்த வயசுலயும் வரும். காலைல விறைச்சுக்கிட்டுப் பொறவு இளகுறதுதான் இதோட அடையாளமே.”

“காவலுக்கு நிக்கவனே வீட்டுக்காரன அடிக்கான்னு சொல்லுங்க. எங்க டிபார்ட்மெண்டுக்குப் புதுசா டாக்டர்?”

சிரிக்கத்தான் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. அவள் நடிக்கவில்லை என்று சொன்ன முதல் ஆள் ஒரு அந்நியர்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை. “தெனமும் போட்டா வெரசா கேக்கும்லா?” என்றான் சிவபாண்டி.

“தெனமும் போட்டா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாவ. நீங்க எந்தக் காலேசுல படிச்சீக?”

மெல்ல மெல்ல, கோடை முடிவதற்குள் வீக்கம் வடிந்தது. வளைந்த மோதிரவிரல் மட்டும் நிமிரவில்லை. புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போட்டபோது, படியேறி உச்சியில் நின்றே வேலை பார்த்தாள்.

தெரு உடனே கூடித் தீர்ப்புச் சொன்னது: “அதான் சரியாயிட்டே, இனி மாத்திரை எதுக்கு?”

செல்வலட்சுமி தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அந்த வாரத்து மாத்திரையை அவர்கள் கண்முன்னாலேயே விழுங்கினாள்.