வெள்ளைக் கோட்டில் மூன்று சுற்று

எனக்குச் சிறுவயது இரண்டு முறை வந்தது. முதலாவது ஊரில். அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. சொல்ல அதிகம் இல்லை. இரண்டாவது லண்டனில், எனக்கு அறுபத்திரண்டு வயது நடக்கும்போது தொடங்கியது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் போயிருக்கும். தங்கச்சியின் மகள், என் பெறாமகள், ஸ்ட்ரெதமில் இருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். வந்து இறங்கிய நாளிலிருந்து நான்தான் அந்த வீட்டின் சின்னப்பிள்ளை. வீதி கடக்கும்போது என் குளிர்ச்சட்டையின் கையை யாராவது பிடித்துக்கொள்வார்கள். கதவு தட்டினால் திறக்கக் கூடாது. டொக்டர் என்னிடம் கேட்பதற்கு வேறு யாரோ பதில் சொல்வார்கள்; நான் நாக்கை மட்டும் நீட்டுவேன்.

முதல் நாளே பெறாமகளின் புருஷன், என் மருமகன், எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். பிரதான வீதியில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி, "மாமி, வெள்ளைக் கோடு எங்க போட்டிருக்கோ அதில நடந்து போங்கோ. இந்த நாட்டில ஆரும் உங்களை இடிக்கமாட்டினம்" என்றார். நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. அதை அப்படியே மனதில் பதித்துக்கொண்டேன்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பெறாமகளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இது மூன்றாவது. படுக்கையை விட்டு அதிகம் எழும்பக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் சமைத்து, அவளைக் குளிக்க வைத்து, மத்தியானம் சாப்பாடு கொடுத்தால் இரண்டு மணிக்குத் தூங்கிப்போவாள். மூன்றரைக்கு எழும்புவாள். அந்த ஒன்றரை மணித்தியாலந்தான் எனக்குச் சொந்தம்.

பிள்ளை நல்லபடி பிறக்கும்வரை தினமும் மூன்று சுற்று வருவதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குளிர் என்பார்கள், வழி தவறும் என்பார்கள், விடமாட்டார்கள். பிறகு நேர்த்தி போய்விடும், அதோடு எது போகுமோ என்று எனக்குப் பயம். ஆனால் கோவிலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கவுன்சில் பார்க் ஒன்றுதான்.

அங்கே போய்ப் பார்த்தால், புல்லின் மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. நாலு பக்கமும் வளைத்துப் போட்டிருந்தது. மருமகன் சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. வயதான ஆட்கள் நடப்பதற்குக் கவுன்சில் எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் வியப்பு, நடுவில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு. பிள்ளையாரை இருத்துவதற்கென்றே யாரோ இடம் பார்த்து வைத்த மாதிரி. நான் செருப்பைக் கழற்றவில்லை, புல் அவ்வளவு ஈரம். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வலமாகச் சுற்றத் தொடங்கினேன். முழங்கால் வலியோடு மூன்று சுற்றுக்கு இருபத்தைந்து நிமிஷம் எடுக்கும். பெறாமகள் வாங்கித் தந்த மணிக்கூட்டில் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்வேன்.

பார்க் வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. ஆங்கிலம். நான் அதைக் கடந்து போவேன், அவ்வளவுதான்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை கோடு பளிச்சென்று புதிதாகப் பூசியிருந்தது. கவுன்சிலை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு நடந்தேன். குனிந்த தலை நிமிராமல் நடக்கிற பழக்கம் எனக்கு. விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, பெட்டைப்பிள்ளைகள் இருபது பேருக்கு மேல், முழங்கால்வரை சேறு, பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. காலால் தட்டுவது சரியில்லை. அதையும் சுற்றிக்கொண்டு போனேன்.

யாரோ கையைக் காட்டினார்கள், திரும்பிப் போகும்படி. அதுதான் என்னால் முடியாத காரியம். சுற்றுப் பாதியில் நிற்கிறது. பின்னால் திரும்பினால் எல்லாம் அழிந்துவிடும். முன்னால் போனால் கையில் சின்னக் கொடியோடு ஒருவர் நிற்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டின் மேலேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது வலைக்கு முன்னால் நின்ற பிள்ளை ஓடி வந்தாள். கையில் பானை பிடிக்கிற மாதிரிப் பெரிய கையுறை. முகத்தைப் பார்த்ததும் எங்கள் ஆள் என்று தெரிந்தது. மலேசியாவிலிருந்து படிக்க வந்தவளாம்.

"பாட்டி, இது பந்து விளையாடுற கோடு. நடக்கிற கோடு இல்ல லா" என்றாள்.

"திரும்ப ஏலாது பிள்ளை. சுத்துறன்."

"என்னத்த சுத்துறீங்க? நடுவுல ஒண்ணும் இல்லையே."

நான் வட்டத்தைக் காட்டினேன். பிறகு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாத கதையை அந்த முன்பின் தெரியாத பிள்ளைக்குச் சொல்லி முடித்தேன். அவள் வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டு மேலதான் பாட்டி நாங்க பந்த வச்சு உதைக்கிறோம்" என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது.

போய் விசில்காரரிடம் என்னவோ சொன்னாள். நெட்டையான, தலையில் மயிர் இல்லாத வெள்ளைக்காரர். அவர் என்னைப் பார்த்து, கோவிலில் ஐயர் வழி விடுகிற மாதிரிக் கையை நீட்டிக் காட்டினார். நான் அந்தச் சுற்றை முடிக்கும்வரை அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். என் காலில் அவ்வளவு கண்கள் ஒருநாளும் பட்டதில்லை. வெட்கத்தில் எப்படி நடந்து முடித்தேனோ தெரியாது. பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு நீள மர வாங்கில் இருத்தி, யாருடையதோ பெரிய குளிர்ச்சட்டையை என் மடியில் போட்டார்கள். இடைவேளையில் மிச்சம் இரண்டு சுற்றையும் வந்தேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வாசல் பலகையை எனக்கு வாசித்துக் காட்டியது. புதனும் சனியும் பின்னேரம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு, மற்ற நேரம் எல்லோருக்கும். இனிமேல் வரமாட்டேன் என்றேன். "பார்க் ஊருக்குச் சொந்தம் பாட்டி. நாங்கதான் வாடகைக்கு. இடைவேளை உங்களோடது" என்றாள்.

அப்படியே நடந்தது. ஆட்டம் இருக்கிற நாட்களில் வாங்கில் இருந்து பார்ப்பேன். விழுவார்கள், எழும்புவார்கள், மூக்கில் இரத்தம் வந்தாலும் புறங்கையால் துடைத்துவிட்டு ஓடுவார்கள். எனக்கு அந்த வயதில் வீட்டு வாசல் படலைக்கு வெளியே ஓடியதாக நினைவில்லை. இடைவேளை வந்ததும் வலைக்காரப் பிள்ளை கையுறையை ஆட்டுவாள். நான் எழும்பி என் வேலையைத் தொடங்குவேன்.

வெள்ளைக்காரரின் நேரக் கணக்கு எனக்குப் பெரிய அதிசயம். நான் மூன்றாவது சுற்றை முடித்துக் காலை வெளியே எடுப்பேன், விசில் ஊதும். ஒரு நாளும் பிசகவில்லை. பிள்ளைகளும் அப்படித்தான். தோடம்பழத் துண்டுகளைச் சப்பி முடித்து, நேரத்தோடு வந்து அவரவர் இடத்தில் நின்று, குளிரில் துள்ளுவார்கள், கையை ஊதுவார்கள், ஒருவர் முதுகை ஒருவர் தேய்ப்பார்கள். அதுவும் ஒரு தேகப்பயிற்சி என்று நினைத்தேன். எதிர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் கத்துவார். எல்லா இடத்திலும் ஒரு கோபக்காரர் இருப்பார்தானே. விசில்காரர் அதைக் காதில் வாங்கமாட்டார். அவர் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்து ஆறுதலாக, மெல்ல மெல்லக் கட்டுவார். ஒன்று முடிய மற்றது. என்ன கவனமான மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

மாசி மாதம், புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஒரு விடியற்காலை, பிள்ளை பிறந்தது. பெட்டை. அழுத சத்தம் வாசல்வரை கேட்டது என்று மருமகன் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு ஐஸ்கிறீம் டப்பா நிறையப் பயத்தம் உருண்டை பிடித்துக்கொண்டு போனேன். வலைக்காரப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சேலை முழுக்கச் சேறு. விசில்காரர் இரண்டு உருண்டை சாப்பிட்டார். வீட்டில் சேற்றுக்குக் காரணம் கேட்டார்கள்; அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பெறாமகள் ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, ஒரு சனிக்கிழமை தகப்பனும் மகளும் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை வந்தது. தேத்தண்ணி போட எழும்பினேன். கேத்தில் கொதித்து, மூன்று கோப்பையும் ஊற்றிக்கொண்டு வர, அதற்குள் ஆட்கள் திரும்ப ஓடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கெதியாகவா என்று மருமகனைக் கேட்டேன்.

"பதினைஞ்சு நிமிஷந்தான் மாமி. எங்க விளையாடினாலும் அதுதான் சட்டம். ஆருக்காகவும் கூட்டமாட்டினம்."

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு இருபத்தைந்து நிமிஷம். மழையில் சில நாள் அரை மணித்தியாலம். அந்தக் குளிரில் துள்ளிக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

விசில்காரருடைய சப்பாத்து நூல் ஒரு நாளும் தானாக அவிழவில்லை.