என் கையைக் கட்டியவர் சொன்ன அறிமுகம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம். மாரியூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. அங்கே மேஜிக் ஷோ நடத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. போனில் பேசி முடித்தவர் என் வீட்டுக்காரர். அதனால் மேஜிக் செய்யப்போவதும் அவர்தான் என்று விழாக் கமிட்டி நினைத்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, மழை ஏமாற்றிய வருஷத்திலும் எப்படியாவது நாலு மூட்டை மிளகாய் எடுத்துவிடுவதுதான்.

எனக்கு முதுகுளத்தூர் பக்கம் ஊர். கமுதியில் ஒரு மேஜிக்காரரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பெட்டிக்குள் படுப்பேன், வாள் சொருகுவார். துணியைப் போட்டு மூடுவார், நான் காணாமல் போவேன். "இந்தப் பெண்ணை இப்போது மறைய வைக்கிறேன்" என்று மைக்கில் கம்பீரமாகச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிய மடங்கி ஒளிந்துகொள்வது யார்? நான்தான். ஆனாலும் ஆறு வருஷமும் நான் "இந்தப் பெண்" தான். ஒருநாள்கூட என் பேரை மைக்கில் கேட்டதில்லை. நல்ல மனுஷர், தொழிலை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. மகனோடு இருக்கத் திருப்பூருக்குப் போனபோது சாமான்களில் பாதியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

இனி நானே ஷோ நடத்துகிறேன் என்று சொன்னதும் வீட்டில் பெரிய பேச்சு. ஒரு பொம்பளை தனியாக மேடையில் நின்று வித்தை காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு. ஒரே ஒரு மேடை. அது சரியாக வரவில்லை என்றால் சாமான்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், மறுபடி மேஜிக் என்று வாயைத் திறக்கக் கூடாது. நானும் ரோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு மேடைதான் இது.

சாயங்காலம் ஐந்தரை மணி. திருவிழா என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை, ஊரே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் பாவம், பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து அவர் தோளில் சால்வையைப் போட்டு, "இதோ, நம்ம மேஜிக் நிபுணர் வந்துட்டாரு, கூடவே அவரோட உதவியாளரும் வந்திருக்காங்க" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். ஒரே கைதட்டல்.

"நான் இல்லங்க, அவதான்" என்று இவர் என்னைக் கைகாட்டினார். மேஜிக்காரர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். இவர் சால்வையோடு இறங்கிப்போய் ஓரமாக நின்றதும் கைதட்டல் நின்றது. சனங்கள் என்னைத் தாண்டி, வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்து, கமுதிக்காரர் எப்போதும் சொல்லும் அறிமுகத்தை ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். ஆறு வருஷம் பெட்டிக்குள்ளிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. "கடல் கடந்து பல தேசங்களில் பாராட்டுப் பெற்ற" என்று ஆரம்பிக்கும். முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எந்தப் படகுல போனீக தங்கச்சி?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சமாளிக்க நினைத்து, எனக்கு நன்றாக வரக்கூடிய வித்தையாக எடுத்தேன். அது கயிறு வித்தை. கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, "இது யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு, இப்போது ஊதியே அவிழ்க்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். கமுதியிலும் முதுகுளத்தூரிலும் இதற்கு விசில் பறக்கும். எங்கள் பக்கம் கயிறு என்றால் ஆடு கட்ட, மூட்டை கட்ட, அவ்வளவுதான். இதை நான் எந்த ஊரில் நின்று சொன்னேன் என்று பாருங்கள். எதிரே இருந்த அத்தனை பேரும் விடிந்தால் வலையோடும் கயிறோடும் புழங்குகிறவர்கள். ஒரு முடிச்சு நழுவினால் அன்றைக்கு வலையே கடலோடு போய்விடும் என்று வாழ்கிறவர்கள்.

நாலாவது வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். கேலி செய்யும் முகம் இல்லை. சேலை முந்தானை தரையில் இழுபடுகிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்வதுபோலக் கூச்சத்தோடு சொன்னார்.

"கோவிச்சுக்கிறாதீக தங்கச்சி. அது முடிச்சே இல்ல. ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தா வந்துரும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, யாராச்சும் போயி முடிச்சுப் போடக் கத்துக்குடுங்கலே" என்றது. சிரிப்பு அடங்கவே இல்லை. ஓரமாக நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பைவிட அதுதான் எனக்கு வலித்தது. அவ்வளவுதான், பெட்டி போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கண்ணில் தண்ணீர் வருவதற்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர்மேல் இல்லை, என்மேல்தான். அந்த மேடையில் நான் பேசிய ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லையே. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மைக்கை எடுத்தேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணன் சொல்றது நெசம். அது முடிச்சு இல்ல. நான் கடல் கடந்ததும் இல்ல, ராமேஸ்வரத்துல தீர்த்தமாடப் போனதோட சரி. நான் மொளகாக் காட்டுக்காரி. அந்தா சால்வையோட நிக்கிறாரே, அவரு என் வீட்டுக்காரரு, அவருக்கு மேஜிக் தெரியாது. ஆறு வருசம் பெட்டிக்குள்ள மடங்கிக் கெடந்து கத்துக்கிட்டது நான். கயித்தைப் பத்தி உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது. அண்ணே, நீங்களே மேல வாங்க. கடல்ல போடுற முடிச்சை என் கையில போடுங்க."

சிரிப்பு நின்றது. அவர் மேடைக்கு வந்தார். என் வெள்ளைக் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஆள் அனுப்பித் தன் மீன்பிடி வல்லத்திலிருந்தே ஒரு நைலான் கயிற்றை எடுத்துவரச் சொன்னார். அதன் ஒரு முனையை என் வலது மணிக்கட்டிலும் மறுமுனையை இடது மணிக்கட்டிலும் கட்டினார். "வலிக்கும்மா" என்றார். இறுக்குங்கள் என்றேன். கட்டிய கையோடு கயிற்றில் வளையல் கோக்கும் இந்த வித்தையைக் கமுதிக்காரர் செய்யும்போது அவர் கையைக் கட்டுவது நான்தான். அது ஒப்புக்குக் கட்டும் கட்டு. நிஜமான முடிச்சோடு இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு பித்தளை வளையலைக் கொடுத்து, வெட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நாலைந்து பேர் தட்டி, நெரித்து, கடித்துக்கூடப் பார்த்தார்கள். இரண்டு கையும் கட்டியிருக்கும்போதே அந்த வளையலைக் கயிற்றில் கோத்துக் காட்ட வேண்டும். வளையலை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றேன். பத்து வரை எண்ணச் சொன்னேன்.

ஊரே எண்ணியது. ஏழு வரும்போது வியர்வையில் விரல் வழுக்கியது. பத்து முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. "இன்னும் ஒரு அஞ்சு" என்று திரும்பாமலே கெஞ்சினேன். மறுபடி சிரிப்பு. அப்போது அந்த மனிதர் மைக்கை வாங்கி, தானே எண்ணுவதாகச் சொன்னார். வலை இழுக்கும்போது மூச்சுப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இழுப்பார்களாம், அந்த வேகத்தில் எண்ணினார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு காபியே குடித்துவிடலாம். எனக்காகத்தான் அப்படி எண்ணினார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

ஐந்து சொன்னதும் திரும்பினேன். கயிற்றின் நடுவே வளையல் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், அது என் பிழைப்பு.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் குனிந்து தன் முடிச்சு இரண்டையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். வளையலைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என் பேரைக் கேட்டார். ஊரையும் கேட்டார். சொன்னேன். சனங்கள் பக்கம் திரும்பி மைக்கில் பேசினார்.

"முடிச்சு நான் போட்டது. போட்டது போட்டபடிதான் இருக்கு. எனக்கே வெளங்கல." இதைச் சொல்லிவிட்டு, என் ஊர்ப் பேரையும் என் பேரையும் சேர்த்து உரக்கச் சொல்லி, "இவுகதான் மேஜிக்காரி, எல்லாரும் நல்லாப் பாத்துக்கிருங்க" என்றார்.

அதற்கப்புறம் எழுந்த கைதட்டலை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடையில் நின்றபடியே அழுதேன், பெருமையில்தான். மீதி வித்தைகளை எல்லாம் என் பேச்சிலேயே பேசிச் செய்தேன். ஒன்றுகூடச் சொதப்பவில்லை.

திரும்பும்போது வண்டியில் சாயல்குடி தாண்டியதும் என் வீட்டுக்காரர், "இனிமே ஷோவுக்கு யாராச்சும் கேட்டா உன் நம்பரையே குடுத்துர்றேன். நான் பேசுனா கொழப்பம்தான் வருது" என்றார். எங்கள் வீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

இன்றைக்கு எந்த மேடை ஏறினாலும் முதலில் என் பேரைச் சொல்கிறேன், அடுத்து எனக்கு என்ன தெரியாது என்பதைச் சொல்கிறேன். பரமக்குடி போனால் ஒரு நெசவாளியைத்தான் தேடிப் பிடித்து நூலைக் கட்டச் சொல்கிறேன். தெரியாதவர்களை ஏமாற்றி ஆயிரம் கைதட்டல் வாங்கலாம், ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் தன் முடிச்சைத் தானே சோதித்துவிட்டு என் பேரைச் சொன்னாரே, அந்த ஒரு குரலை வைத்துத்தான் நான் மேஜிக்காரி என்று இன்றும் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.