ஒரு பக்கம் பாக்கி

என் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கமலாட்சி கேள்வி போடுவார்.

"யம்மா, ஒரு பொம்பள. புருஷன் செத்து ரெண்டு நாள்தான் ஆவுது. வீட்ல உப்பு இல்ல. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எப்படிக் கேப்பா?"

கோயில் வாசலில் பூ விற்கிற தில்லையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசிப்பார்.

"சாவு வீட்ல இவ ஏன் உப்பு கேக்கப் போறா? பக்கத்து வீட்டுக்காரங்கதான ஆக்கி எடுத்துக்கினு வந்து போடணும்?"

"அது நம்ம ஊர்லம்மா. இது ஜப்பான்."

"ஏன், ஜப்பான்ல மனுசங்களே இல்லியா?"

கமலாட்சி சிரித்துவிடுவார். "அதாம்மா கதையே. யாரும் வர்ல."

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் புத்தகம் போடுகிறார். ஜப்பானியக் கதைகளை, நடுவில் இங்கிலீசு இல்லாமல், நேராகத் தமிழுக்குக் கொண்டுவருகிற ஆள். பெரிய காஞ்சிபுரத்தில் வந்து 'ஜப்பான் அக்கா எங்கே' என்று கேட்டால் என் மளிகைக் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஒரு வரி சரியாக அமையவில்லை என்றால் அவரால் வீட்டுக்குள் உட்கார முடியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வரி வாயில் இருக்கும்போது கை எதைப் பொறுக்குகிறது என்று அவருக்கே தெரியாது. சொத்தைக் காயாகப் பார்த்துப் பையில் போடுவார். நானே எடுத்து வெளியே போட்டுவிட்டு நல்லதாக நாலைப் போடுவேன். வரி அமைந்துவிட்டது என்றால் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் வீரபாகு இன்றைக்கும் வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறார். கமலாட்சி பி.காம். படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் கணக்கெழுதப் போனார். வேலை முடிந்து அங்கே ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கும். "பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மாதான உக்காந்துக்கினு இருக்கறோம்" என்று போய் உட்கார்ந்தவர், சில வருசத்தில் ஜப்பான் அதிகாரிகளுக்கும் நம் பையன்களுக்கும் நடுவில் நின்று பேசுகிறவர் ஆகிவிட்டார். போல்ட் லூசாக இருக்கிறது, ஆயில் ஒழுகுகிறது, நாளைக்கு லீவு வேண்டும். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த ஜப்பான் அவ்வளவுதான்.

கம்பெனியை விட்டு வந்த பிறகும் சோறு போடுவது அந்த வேலைதான். போனிலேயே கூட்டம் போடுகிறார்கள், இவர் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்கிறார். தெருவில் நடந்துகொண்டே பேசும்போது போனில் இருக்கிற ஆளுக்கு இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுவார். எதிரே வருகிற ஷேர் ஆட்டோக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று வண்டியை ஓரங்கட்டுவார்.

கதைப் பக்கம் அவரைத் திருப்பிவிட்டது யோஷிகோ. கம்பெனி மேனேஜரின் மனைவி, கமலாட்சியின் வயசுதான். புடவை நெய்வதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை வந்த பெண்மணி அதற்கப்புறம் சனிக்கிழமை தவறவே இல்லை. தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் முறுக்கு கடித்துக்கொண்டு பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் என் கடை வரைக்கும் வரும். வீரபாகுவுக்குத்தான் எரிச்சல். "எதுக்கு சிரிக்கறாங்கன்னு தெரிஞ்சாலாச்சும் நானும் சிரிப்பேன்" என்பார். போல்ட்டையும் ஆயிலையும் விட்டு வெளியே வா என்று யோஷிகோ கையில் கொடுத்ததுதான் முதல் கதைப் புத்தகம்.

மேனேஜருக்கு மாற்றல் வந்தது. யோஷிகோ ஊருக்குப் போனார், ஆனால் விட்டுவிடவில்லை. வருசா வருசம் கார்த்திகை தீபம் கழிந்த கையோடு ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரே ஒரு புத்தகம். தான் படித்து, மனசுக்குப் பிடித்து, கமலாட்சிக்கென்று எடுத்து வைத்தது. அடுத்த பார்சல் வருகிறவரைக்கும் கமலாட்சி அதைத்தான் மொழிபெயர்ப்பார். வேறு எதையும் தொட்டதில்லை. தபால்காரர் அந்தப் பார்சலை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கல்லாவுக்கு மேலே ஒரு பலகை, அதற்கென்றே காலியாகக் கிடக்கும்.

அவர் வேலை செய்கிற முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழை, முடியப் போகிறது என்றால் ஒட்ட நெய்து தீர்த்துவிட மாட்டார்கள். கொஞ்சம் வால் விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த வால் முனைகளில் ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைத்து, மேலே நெய்துகொண்டு போவார்கள். கமலாட்சி இதைக் கதைக்கும் வைத்துக்கொண்டார். கையிலிருக்கிற புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைப்பார். அடுத்த புத்தகம் வந்து, அதன் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதிய பிறகுதான் பழையதை முடிப்பார். "வெறுந்தறியப் பாக்கறதுக்கு நல்லா இருக்காது ணா" என்பார்.

போன கார்த்திகைக்குப் பார்சல் வரவில்லை.

மார்கழியில் கேட்டார், தையில் கேட்டார். "இன்னா ணா, தபால்காரு வந்தாரா?" மாசிக்கப்புறம் வாய் கேட்பதில்லை. கண் மட்டும் பலகைக்குப் போய்த் திரும்பும். மெயிலுக்குப் பதில் இல்லை. ஒரு நாள் என் கடை வாசலில் நின்றே போன் போட்டார், சத்தமாக வைத்து. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பதிவு செய்து வைத்தது, இளநீர் மாதிரி இறங்கியது.

"இன்னாமா சொல்லுது?"

"இந்த நம்பர் இப்ப புழக்கத்துல இல்லியாம்."

"அதுக்கா இவ்ளோ நேரம் பேசுது?"

"மன்னிப்பு கேட்டுக்கினு சொல்லுது ணா." இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். "இவ்ளோ மரியாதையா எப்படித் தமிழ்ல எழுதறதுன்னு தெரியல."

மாதங்கள் போயின. கடை சின்னது. சரக்கு வைக்க இடமில்லாமல் பலகையில் சோப்புப் பெட்டிகளை அடுக்கினேன். அவர் பார்த்துவிட்டுக் காய்க்கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உப்பு கேட்கிற பெண்ணின் கதை ஒரு பக்கம் பாக்கியாக அப்படியே நின்றது. போன வாரம் பதிப்பாளர் பாண்டியன் பொறுக்க மாட்டாமல் சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கமலாட்சியை என் கடை வாசலிலேயே பிடித்தார். ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தேன்.

"யக்கா, ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்கா. புக்ஃபேர் வந்துக்கினே இருக்குது. அட்டை ரெடி, எல்லாம் ரெடி."

"தெரியும்பா."

"அடுத்த புக்குதான உங்களுக்கு வேணும்? நான் வாங்கித் தரேன். நெட்ல தட்டினா வீட்டுக்கே வந்துடும்."

"வந்துடும்பா. யாரோ எனக்குன்னு எடுத்து வெச்ச புக்கா இருக்காதே."

பாண்டியன் சோடாவைக் கீழே வைத்தார். "கடைசிப் பக்கத்துல அப்படி இன்னாதான்கா இருக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. உப்பு வாங்கின கிண்ணத்தக் கழுவிக்கினு அவ பக்கத்து வீட்டுக்குப் போறா. கதவத் தட்டறா. அத்தோட முடிஞ்சிடுது."

"தெறக்கறாங்களா?"

"எழுதல."

வெற்றிலை வாங்க வந்த வீரபாகு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம் போல ஆரம்பித்தார். "என் பாவுல ஆயிரக்கணக்குல இழை. அத்தனையும் பிணைச்சி, நெய்ஞ்சி, அறுத்துக் குடுத்துட்டேன். இவ ஒரு பக்கத்த வெச்சிக்கினு வருசமா குந்தினு கிடக்கறா."

"உங்களுக்குப் பாவு வருது. எனக்கு வர்லியே" என்றார் கமலாட்சி.

வீரபாகு வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். அப்புறம் குரல் இறங்கியது.

"ஏம்மே, பாவு இல்லாத காலத்துல நாம இன்னா பண்றோம்? புடவைய அறுத்துக் குடுத்துட்டு, அச்ச அந்த வாலோட சுருட்டி ஆணியில மாட்டி வெக்கிறோம் இல்ல?" இழைகளெல்லாம் நுழைந்து வருகிற சீப்பைத்தான் அச்சு என்கிறார்கள். "அறுத்தா தறி செத்தா போச்சு? பாவு எப்ப வந்தாலும் அதுல பிணைச்சிக்கலாம்."

"வர்லன்னா?"

"மாட்டினது மாட்டினபடி கிடக்கட்டும். சோறா கேக்குது?"

கமலாட்சி எடுத்த காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். பாண்டியன் சோடாவை முடிக்காமலேயே பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஒரு வாரம் அவரைக் கடைப்பக்கம் காணோம். வீரபாகுதான் காய் வாங்க வந்தார். கேட்டதற்கு, "எழுதறா, கிழிக்கறா" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதையும் கறக்க முடியாது.

இன்று காலை கமலாட்சி வந்தார். கொத்தமல்லிக் கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். எந்தக் கேள்வியும் போடவில்லை.

"இன்னா ணா, இவ்ளோண்டு கட்டுக்கு இந்த வெலையா? அநியாயமா இல்ல? கூட ரெண்டு பச்ச மொளகா போடு."

நான் மிளகாயை அள்ளிப் போட்டேன். "அனுப்பிட்டியாமா?"

ஆமென்று தலையை ஆட்டினார். பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவைச் சுற்றி உள்ளே வந்தார். பலகையில் இருந்த சோப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி அரிசி மூட்டை மேல் அடுக்கினார். கடைசிப் பெட்டியும் இறங்கியதும் முந்தானையைச் சுருட்டிப் பலகையைத் துடைத்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.