மூன்று பேர் போனோம், மூன்று பேர் வந்தோம்

முப்பது வருஷத்துக்கு மேல் தாலுகா அலுவலகத்துக் கோப்புகளோடு இருந்தவள் நான். எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை அங்கே பலர் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அது ஏழு வயதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடியாத வருஷம் அது. தைக் கிருத்திகை. திருத்தணி மலையில் நைனாவும் நானும் மொட்டையடித்து, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். நைனா வண்டியை வடக்கே, தெலுங்குப் பக்கமாகத் திருப்பினார். “ஏரிக் கோட்டையைப் பார்த்துட்டு, அங்க அம்மனுக்குப் பொங்க வெச்சிட்டு வரலாம்,” என்றாள் அம்மா.

ஏரி நடுவில் தீவு. தீவு முழுக்கக் கோட்டை. பாளையக்காரர் கட்டி, நவாப் பிடித்து, கும்பினிக்காரர்கள் வெடிமருந்து வைத்திருந்த இடம். செத்த சிப்பாய்கள் இன்னமும் அங்கே காவல் பாரா நடக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

கரையில் ஒரு போலீஸ்காரர் எங்களை எண்ணி நோட்டில் எழுதினார். பட்டாளத்திலிருந்து ஓடிவந்த ஒருவன் தீவில் ஒளிந்திருப்பதாக அவர்களுக்குத் துப்பு. போய்ப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் அரசாங்கத்தை அறியாதவர்கள். கோட்டை, காகிதப்படி ராணுவத்தின் சொத்து. ராணுவத்திலிருந்து ஓடியவனை ராணுவத்தின் கோட்டையில் தேட, ராணுவம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அது வரும்வரை தீவுக்குப் போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் எண்ணுவதுதான் உத்தரவு. அம்மனைக் கும்பிடக் கூடாது என்று உத்தரவில் இல்லை.

பரிசல்காரர் எங்களை இறக்கிவிட்டுத் துறையிலேயே காத்திருந்தார். கோட்டைக்குள் நுழைந்ததும் அம்மா அம்மனைத் தேடவில்லை. பொங்கல் பானைக்குள்ளிருந்து ஒரு சவரக்கத்தியை எடுத்து நைனாவிடம் கொடுத்தாள்.

வெடிமருந்து அறையின் இருட்டிலிருந்து ஒருவன் வந்தான். மார்பு வரை தாடி, கிழிந்த காக்கிக் கால்சட்டை. செத்த சிப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கத்தப் போனேன், அம்மா வாயைப் பொத்தினாள்.

“உங்க மாமாடி. என் தம்பி.”

மாமா பட்டாளத்துக்குப் போனபோது எனக்கு நாலு வயது. இந்த எலும்புக்கூட்டை மாமா என்று நான் ஏற்கவில்லை. அதை உட்காரவைத்து நைனா தலையையும் முகத்தையும் மழித்தார்.

“ஆடாத மச்சான், கழுத்து அறுந்துடும்.”

பிறகு சந்தனம் பூசினார். தன் மஞ்சள் வேட்டியையும் துண்டையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு நின்றார்.

“பாவா, நீங்க?” என்று நைனாவைக் கேட்டது எலும்புக்கூடு.

“நான் நீந்திக்கிறேன். நீ கெளம்பு.”

நைனாவுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். எதிர்க்கரை அரை மைலுக்கு அப்பால் இருந்தது. ஆனால் எனக்கு வேறு பயம். பொழுது சாய்வதற்குள் செத்த சிப்பாய்கள் நைனாவைத் தங்கள் பாராவில் சேர்த்துக்கொள்வார்கள். பதிலுக்குத் தங்களில் ஒருவனை எங்களோடு அனுப்புகிறார்கள்.

பரிசலில் ஏறியதும் பரிசல்காரர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். “வரச்சொல்ல கருப்பா இருந்தீங்க. அம்மன் ஒரே மத்தியானத்துல வெளுக்க வெச்சிட்டாளே!” அதற்குப் பிறகு அவர் துடுப்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கரையில் போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். “போனது மூணு, வந்தது மூணு. ஆங், சரி. இன்னா பாப்பா, அழுதுகினே வர?”

“நைனா அங்கியே கீறாரு,” என்று கோட்டையைக் காட்டினேன்.

பென்சில் நின்றது. அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

என் கன்னத்தில் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. “நைனா பக்கத்துல நிக்கச்சொல்ல இன்னாடி பேச்சு இது? காலையில அவரு மொட்ட அடிச்சதுலேர்ந்து இதே கூத்துங்க. கிட்டவே போவ மாட்டேங்கறா.”

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “எம்பொண்ணும் அப்டித்தாங்க. நான் மொட்டையோட வூட்டுக்குப் போனா, திருடன் வந்துட்டான்னு ரெண்டு நாளு கத்திகினு கெடந்தா.”

நேரில் கண்ட சாட்சி தானாக வந்து உண்மையைச் சொன்னது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அது பதிவாகவில்லை.

நைனா மறுநாள் சாயங்காலம் காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். மாமா கடைசிவரை பிடிபடவில்லை. அதெல்லாம் பிறகு.

அன்று வண்டியை மாமா ஓட்டினார். கோட்டை சிறுத்துப் போவதைப் பார்த்து நான் விசும்பிக்கொண்டே வந்தேன். கரையில் நின்ற போலீஸ்காரர் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏரிக்கு முதுகைக் காட்டி, பானையின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புது நைனா கிடைத்துவிட்டதால் பழையவர் அவளுக்கு வேண்டாமல் போய்விட்டார் என்று முடிவுசெய்து, நான் அவளைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.