அடுக்கி வைத்த எண்ணூறு படங்கள்

டச்சப் அக்கா என்றால் அந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் படங்களில் நிறம் திருத்துவது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, பின்னால் நின்று கொட்டாவி விடும் சித்தப்பாவை மறைப்பது, எல்லாம் அவள் வேலை. துணி தேய்க்கும் மேசையை ஓரம்கட்டிவிட்டுப் பின்னறையில் போட்ட கம்ப்யூட்டர்தான் அவள் ஆபீஸ்.

வாய்த்த புருஷனோ கிடங்குக்காரர். உதிரிபாகக் கிடங்கில் ஆணி முதல் சங்கிலி வரை அடுக்கி அடுக்கிக் கை பழகிப்போன மனுஷன். வீட்டிலாவது சும்மா இருப்பாரா? நேற்று அடுப்புப் பக்கம் இருந்த உப்பு இன்று ஜன்னலில் இருக்கும். கத்தரிக்கோல் செருப்பு அலமாரிக்குக் குடிபோயிருக்கும். கேட்டால், "வீட்டுக்குள்ளதான இருக்கு, தேடு" என்பார். இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தாள். எண்ணூறு கல்யாணப் படங்களின் மேலும் கேள்விக்குறி. படத்தைக் காணோம் என்கிறது சாப்ட்வேர். மாலையில் பெரிய ஸ்டுடியோ முதலாளி அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர் வேலை அவளுக்குத்தான்.

"ஏங்க! என் படத்தையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் அழிஞ்சு போகல" என்றார் கிடங்குக்காரர் பெருமையாக. "கண்டமேனிக்குக் கிடந்துச்சு. நேத்து நீ வெளிய போயிருந்தப்ப பொண்ணு தனி, மாப்பிள்ளை தனி, சாப்பாடு தனின்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் புதுப் பேரு வச்சு அடுக்கிட்டேன்."

அந்தப் பாழாய்ப்போன சாப்ட்வேர் படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்த ஃபோல்டர், என்ன பெயர் என்று விலாசத்தை மட்டும்தான் வைத்திருக்கும். அவள் மூன்று வாரம் செய்த திருத்தமெல்லாம் அந்த விலாசத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோல்டரை மொத்தமாக நகர்த்தியிருந்தால் ஒரு தடவை இடத்தைக் காட்டினால் போதும். பெயரையும் மாற்றித் தொலைத்ததால், ஒவ்வொரு படமாக, இதுதான் அது என்று காட்ட வேண்டும்.

"நகர்த்துறதுன்னா சாப்ட்வேருக்குள்ள போய் நகர்த்தணும். வெளியிலிருந்து கை வச்சா அதுக்குத் தெரியாது. எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

"தேடிக்கக்கூடத் தெரியலைன்னா அது என்ன சாப்ட்வேர்?"

அவளுக்கு அவர் மண்டையிலேயே ஒரு கேள்விக்குறி போடலாம் போலிருந்தது. சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தும் மாலைக்குள் கால்வாசிகூடத் தேறவில்லை. முதலாளி வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பரவால்லம்மா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கிடங்குக்காரர் அவருக்குக் காபி நீட்டிக்கொண்டே சிரித்தார். "இவளுக்கு எதை எங்க வச்சோம்னு ஞாபகம் இருக்காது சார்."

முதலாளியின் வேலை கைவிட்டுப் போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அவர் கிடங்குக்குப் போனதும் கம்ப்யூட்டரையும் துணிமணியையும் வண்டியில் ஏற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வாடகைக்குப் பிடித்த புது அறையில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்க நீ? வீடு பூராவும் தேடிட்டேன்!"

"ஊருக்குள்ளதான் இருக்கேன்" என்றாள். "ஒண்ணும் அழிஞ்சு போகல. தேடுங்க."